கிளாவேயின் தர்மகர்த்தா

கோடைக்காலத்தில் நியூயார்க் நகரத்தின் எந்தத் திறந்தவெளியில் சல்சா வாத்தியக் கோஷ்டி ஒன்று மேடையேறினாலும், ஒலிபெருக்கிக்காரர்கள் கம்பிகளை இழுத்துச் சிக்கெடுத்துக் கொண்டிருக்கும் வேளையிலேயே வந்து சேர்ந்து, டிம்பாலே மேளங்கள் வைக்கப்படப்போகும் இடத்திற்கு நேர் எதிரே கால்களைச் சற்று அகட்டி, கைகளைப் பின்னால் கட்டி நின்றுகொள்ளும் ஒரு பெரியவரை நீங்கள் தவறாமல் காணலாம். ஒரு பெரியவர் என்று ஒருமையில் சொன்னேனே தவிர, அவர் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு தேகத்தோடும், கிழக்கு ஹார்லெமில் இன்னொரு தேகத்தோடும், புரூக்ளினில் சற்றே பருத்த மூன்றாவது தேகத்தோடும் ஏககாலத்தில் சஞ்சரிக்கிறவர். ஆகையால் அவருக்குப் பெயர் எதுவும் சூட்டாமல் விட்டுவிடுகிறேன். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். தலையில் பனாமா தொப்பி. காலில் வெள்ளையும் பழுப்புமாக இருநிறத் தோலில் தைத்து முகம் தெரியும்படி மெருகேற்றிய பாதரட்சை. மேனியில் குயாபெரா என்னும் வெள்ளைச் சட்டை. அந்தச் சட்டைக்கு முன்புறத்தில் நான்கு பைகள் உண்டு. மேலே இடப்பையில் மூக்குக்கண்ணாடி, வலப்பையில் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரை, கீழே இடப்பையில் ரயில் அட்டை, வலப்பையில் கைக்குட்டையால் சுற்றப்பட்டுத் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு மரக்குச்சிகள். முதல் மூன்று பைகளிலும் இருப்பவை சரீரயாத்திரைக்கு. நான்காவது தர்ம பரிபாலனத்துக்கு.

அந்தக் குச்சிகளுக்குக் கிளாவே என்று பெயர். ஒரு சாண் நீளமுள்ள கடினமான மரத்துண்டுகள். இடக்கையைக் கிண்ணம்போல் குவித்து அதன்மேல் ஒன்றைப் பட்டும் படாமலும் கிடத்தி, மற்றொன்றால் தட்டினால் ‘டக்’ என்று ஓர் ஒலி எழுந்து, இருபது பித்தளை வாத்தியங்களின் இரைச்சலையும் ஊடுருவிக்கொண்டு கடைசி வரிசைவரை போகும். ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்குத் திறவுகோல் என்ற பொருளும் உண்டு. போர்ச்சுகீசியர் நம் கரைக்குக் கொண்டுவந்த ‘சாவி’யும் இந்தக் ‘கிளாவே’யும் ஒரே லத்தீன் தாயின் வயிற்றில் பிறந்த சகோதரிகள், ஒருத்தி நம் வீட்டுக்கு வந்து இடுப்பில் தொங்குகிறாள், மற்றவள் கியூபாவுக்குப் போய்த் தாளமாகிவிட்டாள். அந்தத் தாளத்தின் கணக்கும் பிரமாதமான கணக்கன்று. பதினாறு மாத்திரை கொண்ட ஓர் ஆவர்த்தத்தில் 1, 4, 7, 11, 13 ஆகிய இடங்களில் ஐந்து தட்டு. முற்பாதியில் மூன்று, பிற்பாதியில் இரண்டு. மூன்றாம் தட்டை 7-லிருந்து 8-க்குத் தள்ளிவிட்டால் அது ரும்பா கிளாவே என்று வேறு கோத்திரமாகிவிடும். பாட்டின் போக்கைப் பொறுத்து இரண்டை முன்னே வைத்து மூன்றைப் பின்னே வைத்தும் தொடங்கலாம். ஆனால் ஒரு முறை தொடங்கிவிட்டால் பியானோ, பாஸ், கொங்கா, டிரம்போன், பாடகர், பல்லவி எடுத்துக் கொடுக்கும் துணைப்பாடகர்கள் ஆகிய சகலரும் அதற்குக் கட்டுப்பட்டே போகவேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், முக்கால்வாசிப் பாட்டுகளில் மேடையில் ஒருவரும் அந்தக் குச்சிகளைத் தட்டுவதே இல்லை. எல்லோருடைய மனத்திலும் அது ஓடிக்கொண்டிருப்பதாக ஐதீகம். கண்ணுக்குத் தெரியாத மூலவருக்குத் தர்மகர்த்தா அவசியம் தேவைப்படுகிறார் அல்லவா? நம் பெரியவர் அந்தப் பதவியை எவரும் நியமிக்காமலே ஏற்றுக்கொண்டு, சம்பளமோ பரிவட்டமோ எதிர்பாராமல் ஐம்பது ஆண்டுகளாக நடத்திவருகிறார்.

அவரை நான் முதன்முதலாகச் சந்தித்தது லிங்கன் சென்டரில். அங்கே 1989 முதல் கோடை இரவுகளில் திறந்தவெளியில் நடனத்தளம் அமைத்து, பெரிய பெரிய கோஷ்டிகளை வரவழைத்து, ஊராரை ஆடவிடும் வழக்கம் உண்டு. ஒன்றும் அறியாத நான், டிரம்போன்கள் மூன்றும் யானை பிளிறுவதுபோல் ஒருசேர முழங்கியதில் சொக்கிப்போய்த் தலையை ஆட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்திலிருந்து ஒரு குரல், மரணச் செய்தி சொல்லும் தாழ்ந்த தொனியில் கேட்டது.

“கவனித்தீர்களா, எர்மானோ?”

“எதை, ஸென்யோர்?”

“இரண்டு பக்கத்தில் நுழைந்திருக்க வேண்டிய டிரம்போன்கள் மூன்று பக்கத்தில் நுழைந்துவிட்டன. குருசாதோ!”

குருசாதோ என்றால் குறுக்கே போய்விட்டது, கிளாவே கோணிவிட்டது என்று அர்த்தம். நான் பயந்துபோய்த் தளத்தைப் பார்த்தேன். நூற்றுக்கணக்கான ஜோடிகள் சுழன்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் காலும் முறியவில்லை. குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு ஆடிய ஒரு தகப்பனாரின் முகத்தில் பரமானந்தமே தாண்டவமாடிற்று. ஆனால் பெரியவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சருகே பிடித்துக்கொண்டு, இறந்துபோன அந்த ஆவர்த்தத்திற்காகச் சிறிது நேரம் மௌனம் அனுஷ்டித்தார்.

(எர்மானோ என்பது சகோதரனைக் குறிக்கும் சொல். இந்த மக்கள் முகமறியாதவரையும் உறவுமுறை சொல்லித்தான் அழைப்பார்கள். முதல் வாரத்தில், “மாமி! மாமி!” என்று நாலாபுறமும் கூப்பிடுவதைக் கேட்டு, மயிலாப்பூரிலிருந்து யாரோ பெரியவர்கள் வந்திருக்கிறார்கள் என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். இருபது வயதுப் பெண்ணும் இங்கே மாமிதான் என்பது பிறகு விளங்கிற்று.)

அன்று முதல் அவருக்குப் பக்கத்தில் நிற்கும் பாக்கியம் எனக்குப் பலமுறை கிட்டியிருக்கிறது. நல்ல ரசிகர்களுக்குரிய லக்ஷணங்கள் எதுவும் அவரிடம் இல்லை. கோஷ்டியார் அற்புதமாக வாசித்தால் அவர் முகம் மலர்வதில்லை. மாறாக, பிசகு ஒன்றும் நேராமல் மூன்று நான்கு பாட்டுகள் ஓடிவிட்டால், வழக்கே வராத ஊரின் மாஜிஸ்திரேட்டைப்போல் ஒருவிதச் சோர்வு அவரைப் பற்றிக்கொள்ளும். கால்மாற்றி நிற்பார், கொட்டாவி விடுவார், கொங்காக்காரரின் நாற்காலி உயரம் சரியில்லை என்பார். எங்கேனும் ஒரு இளம் பியானோக்காரன் அரை மாத்திரை வழுக்கினானோ, உடனே உடம்பு நிமிர்ந்து, கண்கள் ஒளிபெற்று, இடமும் வலமும் சாட்சிக்கு ஆள் தேடுவார். குச்சிகளை மட்டும் எந்தக் கச்சேரியிலும் அவர் வெளியே எடுத்ததில்லை. டிம்பாலே வாசிப்பவர் நிமிர்ந்தால் அவை கண்ணில் படும்; அது போதும் என்பது அவர் கருத்து. டீட்டோ புவெந்தே என்ற வாத்தியக்காரர் அந்த மேளங்களைப் பின்வரிசையிலிருந்து மேடையின் முகப்புக்குக் கொண்டுவந்தது கலையுலகத்தில் ஒரு புரட்சி என்று எல்லோரும் புகழ்வார்கள். குற்றவாளியைத் தம் பார்வைக்கு நேராக நிறுத்தித் தந்த உபகாரம் என்றே நம் பெரியவர் அதைப் போற்றுகிறார்.

அவருடைய சரித்திர ஞானம் அபாரமானது. ஆனால் அது ஒரு குறிப்பிட்ட மூலையில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. மன்ஹாட்டனில் பிராட்வேயும் 53-ஆம் தெருவும் சந்திக்கும் அந்த மூலையில், மாடிமேல், பல்லேடியம் என்ற நடனமண்டபம் இருந்தது. மச்சீத்தோ, டீட்டோ புவெந்தே, டீட்டோ ரொட்ரீகஸ் என்ற மும்மூர்த்திகளும் அங்கே கோஷ்டி நடத்தினார்கள். புவேர்ட்டோ ரிக்கர்கள், கியூபர்கள், கறுப்பர்கள், இத்தாலியர்கள், யூதர்கள் எல்லோரும் பிற இடங்களில் தனித்தனிப் பந்தியாக உட்கார்ந்திருந்த காலத்தில், அங்கே மட்டும் ஒரே தளத்தில் கலந்து மாம்போ ஆடினார்கள். ‘கியூப பீட்’ என்று பேர்பெற்ற பெரிய ஆட்டக்காரர் கியூபரே அல்லர், புவேர்ட்டோ ரிக்கர் என்பதும், அவருக்கு ஜோடியாக ஆடிய மில்லி இத்தாலிய வம்சத்தவர் என்பதும் அம்மண்டபத்தின் குணத்தை ஒருவாறு உணர்த்தும். 1966-இல் பல்லேடியம் மூடப்பட்டது. நம் பெரியவரின் கணக்கில் அன்றுதான் கலியுகம் பிறந்தது; அதற்குப்பின் வாசிக்கப்பட்டதெல்லாம் வெறும் சப்தம். தாம் 1952-இல் பிறந்தவர் என்று அவரே ஒருமுறை வாய்தவறிச் சொல்லியிருந்ததனால், பதினான்கு வயதுப் பையனை நடனமண்டபத்துக்குள் எப்படி விட்டார்கள் என்று நான் விநயமாகக் கேட்டேன். “மாமாவின் தோளில் உட்கார்ந்து போனேன்” என்றார். பதினான்கு வயதுப் பிள்ளையைத் தோளில் சுமந்து மாடிப்படி ஏறி, அதன்பின் மாம்போவும் ஆடிய அந்த மாமாவை நினைத்து என் முதுகெலும்பு வலித்தது.

‘சல்சா’ என்ற பெயரே அவருக்கு ஆகாது. அது குழம்பைக் குறிக்கும் சொல். ஜானி பச்சேக்கோவும் ஜெர்ரி மசூச்சியும் 1964-இல் தொடங்கிய ஃபானியா இசைத்தட்டுக் கம்பெனியின் காலத்தில், கியூபத்து சோன், மாம்போ, குவாராச்சா, புவேர்ட்டோ ரிக்கோவின் பொம்பா, பிளேனா எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றி விற்பதற்கு வசதியாக ஒட்டப்பட்ட சீட்டு. புவெந்தேயே, குழம்பு தின்பதற்கு உரியது, வாசிப்பதற்கு அன்று என்று வாழ்நாளெல்லாம் பரிகசித்துக்கொண்டிருந்தார். இந்த விஷயத்தில் பெரியவர் சொல்வது நியாயம் என்றே எனக்கும் படுகிறது. ஆனால் சாப்பாட்டு வாசனையை இந்த இசையிலிருந்து முழுவதும் போக்கிவிட முடியுமா? பாட்டு நன்றாக இருந்தால் இவர்கள் ‘சபோர்!’ என்று கூவுவார்கள். ருசி என்று பொருள். நாம் ரஸம் என்கிறோம். பாடகி சேலியா க்ரூஸ் அம்மையார், அவர் இருந்த காலத்தில், பாட்டின் நடுவே திடீரென்று ‘அஸூகார்!’ என்று முழங்குவார். சபை எழுந்து நிற்கும். அது சர்க்கரை. நம் தேசத்துச் சர்க்கரைதான், பாரசீகம் போய், அரேபியா போய், ஸ்பெயின் போய், கியூபாவின் கரும்புக்காட்டில் அடிமைகளின் வியர்வையில் ஊறி, அந்த அம்மையாரின் தொண்டை வழியாக நியூயார்க் வந்து சேர்ந்திருக்கிறது.

ஃபானியாவைக் கலியுகத்துக் கம்பெனி என்று ஏசினாலும், அதன் நக்ஷத்திரக் கோஷ்டி 1973, ஆகஸ்டு 24-ஆம் தேதி யாங்கி ஸ்டேடியத்தில் நடத்திய கச்சேரிக்கு மட்டும் பெரியவர் விலக்கு அளித்திருக்கிறார். ஏனெனில் அதில் அவருக்கும் பங்கு உண்டு. பேஸ்பால் மைதானத்தின் நடுவே மேடை; ஜனங்கள் மைதானத்துக்குள் இறங்காமல் சுற்றிலும் படிக்கட்டு ஆசனங்களிலேயே இருக்கவேண்டும் என்பது ஏற்பாடு. ரே பரெட்டோவும் மோங்கோ சாந்தாமரியாவும் எதிரெதிரே கொங்கா வாசித்து ஒருவரையொருவர் மடக்கத் தொடங்கியதும், தடுப்பு எம்மாத்திரம்! ஜனங்கள் குதித்து, புல்தரையை மிதித்துக்கொண்டு மேடையை நோக்கி ஓடினார்கள். கச்சேரி அத்துடன் நின்றது. முதன்முதலில் குதித்தவர் நம் பெரியவர். இதே கச்சேரியில் முதன்முதலில் குதித்த வேறு இருவரையும் எனக்குத் தெரியும். மூவரையும் ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துவைக்கும் துணிவு இன்னும் வரவில்லை.

அந்தக் கச்சேரியின் பெயரால் பிறகு வெளிவந்த இசைத்தட்டு அவர் வீட்டில் சட்டம்போட்ட படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு நாள் அதை ஓடவிட்டு, ஓரிடத்தில் விரலை உயர்த்தி, “இதோ, இந்த விசில்! இது என்னுடையது” என்றார். கேட்டேன்; நல்ல கணீரென்ற விசில். ஆனால் கச்சேரி பாதியில் கலைந்துபோனதனால், அந்தத் தட்டிலுள்ளவற்றில் கணிசமான பகுதி யாங்கி ஸ்டேடியத்தில் அன்றி, புவேர்ட்டோ ரிக்கோவின் தலைநகரான சான் ஹுவானில் நடந்த வேறொரு கச்சேரியில் பதிவானது என்று எங்கோ படித்திருந்தேன். வயதில் மூத்தவரிடம் இதைச் சொல்லலாமா கூடாதா என்று தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டேன். அவர் ஊசியைத் தூக்கினார். ஜன்னல் வழியாக வெகுநேரம் தெருவைப் பார்த்தார். பிறகு, “அப்படியானால் என் விசில் சான் ஹுவான் வரையில் கேட்டிருக்கிறது” என்றார்.

சான் ஹுவான் என்ற பெயர் வந்ததனால் இன்னொன்று சொல்லவேண்டும். லிங்கன் சென்டர் நிற்கிற இடத்துக்குப் பழைய பெயர் சான் ஹுவான் ஹில். கறுப்பரும் புவேர்ட்டோ ரிக்கரும் நெருக்கமாகக் குடியிருந்த பேட்டை. சேரி ஒழிப்பு என்ற பெயரில் ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கிளப்பிவிட்டு, வீடுகளை இடித்து, 1959-இல் ஜனாதிபதி ஐசன்ஹோவரே மண்வெட்டியைப் பிடித்து ஒபராவுக்கும் சிம்பொனிக்கும் அஸ்திவாரம் தொடங்கிவைத்தார். பெரியவரின் பாலிய வீடு அங்கேதான் இருந்தது. முப்பது ஆண்டு கழித்து அதே கல்தளத்தில் கொங்காவைக் கேட்க வந்த முதல் மாலையில், “இங்கேதான் எங்கள் அடுக்களை, அம்மா இங்கே நின்றுதான் ரேடியோ கேட்பாள்” என்று தம் காலடியைக் காட்டினாராம். எனக்கும் காட்டினார். அந்த அடுக்களை ஆண்டுக்கு ஆண்டு மேடை நன்றாகத் தெரிகிற பக்கமாகச் சிறிது சிறிதாக நகர்ந்து வந்துகொண்டிருக்கிறது என்பதை நான் கவனிக்காமலில்லை. ஆனாலும் அதைச் சுட்டிக்காட்ட மனம் வரவில்லை. அவர் அந்த இடத்தில் ஊன்றி நிற்கிற நிற்பில், காவலர் வந்தாலும் நிர்வாகம் மாறினாலும் அசையமாட்டார் என்பது மட்டும் தெரிகிறது.

கச்சேரி இல்லாத நாட்களில் அவரைத் தேடுவதானால் பிராங்க்ஸில் பிராஸ்பெக்ட் அவென்யூவிலுள்ள காசா அமதேயோ என்ற இசைக்கடைக்குப் போகவேண்டும். பாட்டுக் கட்டுவதில் பெரும்புகழ் பெற்ற ரஃபாயேல் எர்னாண்டஸின் சகோதரி விக்டோரியா 1941-இல் அங்கே திறந்த கடை அது. பிறகு 1969-இல் மைக் அமதேயோ என்ற பாடலாசிரியர் கைக்கு வந்தது. அங்கே பெரியவர் எதுவும் வாங்கியதாகச் சரித்திரம் இல்லை. வாங்க வருகிறவர்கள் தவறானதை வாங்கிவிடாமல் பார்த்துக்கொள்கிறார்.

இவ்வளவு சொல்லிவிட்டு, அவருடைய சகதர்மிணியைப் பற்றிச் சொல்லாமல் விடுவது பாவம். தையல் ஆலையில் முப்பது வருஷம் இயந்திரம் மிதித்து ஓய்வுபெற்ற அம்மையார். கிளாவே என்றால் என்ன என்று கேட்டால், “அவர் சட்டைப் பையைக் கிழிக்குமே, அதுதானே?” என்பார். முதல் மேளம் கேட்டதும் கைப்பையைக் கணவரின் கையில் கொடுத்துவிட்டுத் தளத்துக்குப் போனால், கோஷ்டியார் வாத்தியங்களை உறையில் போடும்போதுதான் திரும்புவார். அதற்குள் மாணவன், தபால்காரர், ஜப்பானிய உல்லாசப் பிரயாணி, பேரன் வயதுப் பையன், தம்மைவிட மூத்த கிழவர் ஆகிய பலரோடும் ஆடி முடித்திருப்பார். எவரோடு ஆடினாலும் அவருடைய கால் மட்டும் எங்கே விழவேண்டுமோ அங்கேதான் விழும். நம் தர்மகர்த்தா கைப்பையைப் பிடித்தபடி தர்மத்தைக் காத்துக்கொண்டிருப்பார்.

அவர் ஏன் ஆடுவதில்லை என்ற கேள்விக்கு முழங்கால் என்பதே அவருடைய பதில். இதன் சூக்ஷ்மத்தை அறிவதற்கு நியூயார்க் ஆட்டக்காரர்களின் மதாபிமானத்தை அறிந்திருக்கவேண்டும். எட்டு எண்ணிக்கையில் முதல் எண்ணில் உடம்பை முன்னோ பின்னோ முறித்தால் அது லாஸ் ஏஞ்சலஸ் பாணி. இரண்டாம் எண்ணில் முறித்தால் அது நியூயார்க் பாணி. எடி டாரெஸ் என்ற ஆசிரியர், தெருவில் கண்டபடி கிடந்த இதை ஒழுங்குபடுத்திப் பாடமாக வகுத்தபின், ‘இரண்டில் ஆடுகிறவர்’ என்பது இந்நகரத்தில் குலப்பெருமையாகிவிட்டது. ‘ஒன்றில் ஆடுகிறவர்’ என்று ஒருவரைச் சொல்லிவிட்டால் அவருக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். ஒரு மாலை என்னை அந்த அம்மையார் இழுத்துக்கொண்டு போனார். நான் கீழ்ஸ்தாயியில் “ஒன்று, இரண்டு, மூன்று” என்று முணுமுணுத்ததைக் கேட்டு, “எண்ணாதே, மிஹோ (மகனே); என் தோளைக் கவனி, போதும்” என்றார். கவனித்தேன். இரண்டு பாட்டு ஒருவாறு தப்பிப் பிழைத்தபின், மூச்சு வாங்கிக்கொண்டே, பெரியவரின் முழங்காலுக்கு வைத்தியம் பார்க்கக்கூடாதா என்று கேட்டேன். அம்மையார் கணவர் நின்ற திசையை ஒருதரம் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார். “முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அது ஒன்றில்தான் வளைகிறது.”

இந்த ரகசியத்தை அறிந்த பின்னர் அவரிடத்தில் எனக்கிருந்த பயம் தெளிந்து பிரியம் அதிகமாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆர்ச்சர்ட் பீச்சுக்குக் கூட்டிப்போனார். பிராங்க்ஸின் ஓரத்தில், மணலைப் படகுகளில் கொண்டுவந்து கொட்டி 1936-இல் திறந்த பிறைவடிவக் கடற்கரை. மடக்கு நாற்காலி, பனிக்கட்டிப் பெட்டி, டாமினோ மேஜை சகிதம் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கி, சூரியன் சாயும்வரை ஆடுவார்கள். அன்று வாசித்த கோஷ்டி பிசகவில்லை. பெரியவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். நான் என்னையறியாமல், பழக்கதோஷத்தால், தொடையில் ஆதிதாளம் போட்டுக்கொண்டிருந்தேன். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு.

“கையை ஏன் கவிழ்த்து மல்லாத்துகிறாய்?” என்றார்.

சொன்னேன். எட்டு எண்ணிக்கை, எங்கள் ஊர்ச் சபைகளில் அரங்கு முழுவதும் இப்படித் தொடையைத் தட்டிக்கொண்டிருக்கும் என்றேன். கேட்பவர்கள் எல்லோருமா தட்டுவார்கள், வாசிப்பவருக்கு முன்னாலேயே தட்டுவார்களா, தப்பினால் முகத்தைச் சுளிப்பார்களா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். ஆமாம் என்றேன். அவர் கண்ணில், தூரதேசத்தில் தனக்குச் சொந்தக்காரர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதை அறிந்துகொண்ட ஒருவரின் வியப்பு தெரிந்தது. பிறகு, நான் பழகிய இத்தனை காலத்தில் முதல் தடவையாக, கைக்குட்டையை அவிழ்த்துக் குச்சிகளை வெளியே எடுத்தார். நான் தாளம் போட, அவர் தட்டினார். முதல் தட்டு என் தட்டோடு விழுந்தது, இரண்டாவது, சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவே விழுந்தது, மூன்றாவது நடுவிரலில், நான்காவது கனகச்சிதமாக முதல் வீச்சில், ஐந்தாவது அடுத்த தட்டில். டாமினோ ஆடிக்கொண்டிருந்த இருவர் காயை வைக்க மறந்து திரும்பிப் பார்த்தார்கள். நான்கு ஆவர்த்தம் போட்டோம். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் குச்சிகளைத் துடைத்து மீண்டும் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து அதே கடற்கரைக்குத் தனியாகப் போனேன். வழக்கமான இடத்தில் பெரியவர் நின்றிருந்தார். பக்கத்தில் ஓர் இளைஞன் பயபக்தியோடு வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். பெரியவர் தம் தொடையில் தட்டி, விரல் மடக்கி, கையைக் கம்பீரமாக வீசிக்காட்டி, இது மிகப் புராதனமான முறை என்றும், இதைப் பல்லேடியத்தில் ஒரு சிலரே அறிந்திருந்தார்கள் என்றும் வியாக்கியானம் செய்துகொண்டிருந்தார். மோதிரவிரலை விட்டுவிட்டுச் சுண்டுவிரலிலிருந்து நடுவிரலுக்குத் தாவியதனால் ஏழு எண்ணிக்கைதான் வந்தது. நான் அருகில் போய் நின்று, ஒரு முகத்தாட்சண்யத்துக்காகப் பேச்சுக் கொடுக்காமல், அவரோடு சேர்ந்து முழு எட்டையும் என் தொடையில் போட ஆரம்பித்தேன். அவர் கண்ணை மூடிக் கொஞ்சநேரம் கவனித்தார். இளைஞனின் தோளில் கைவைத்து அவனை என் பக்கம் திருப்பினார்.

“கேட்டாயா?” என்றார் மிகுந்த துயரத்தோடு. “குருசாதோ!”